நகரில் தங்குதலும் நகரோடு வாழ்தலும்

நுழையும்முன்

உயர்கல்விக்காகவும் பணிக்காகவும் தமிழ் இளைஞர்கள் ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்வது இன்று இயல்பாகிவிட்டது. ஆயிரம் ஆண்டுப் பழைமை உடைய நகரங்களில் அறை எடுத்துத் தங்குவது எளிது. அந்நகரங்களோடு இணைந்து வாழ்வது எளிதன்று. அந்த வாழ்க்கைக்கான பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்? அது பற்றிய கருத்துகளை முன்வைக்கிறது இக்கட்டுரை.

ஒரு தொலைபேசி உரையாடல்

தை மாதத்து இரவு ஒன்றில், திருநின்றவூரில் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் என் முன்னாள் மாணவர். அவருடைய தந்தை அம்பத்தூரில் ஒரு கடைசல் பட்டறையில் பணிபுரிபவர். மகன் பொறியியல் முடித்து, கல்விக்கடன் பெற்று, செருமனி நாட்டின் ஆகன் நகருக்கு மேற்படிப்புக்காகச் சென்றிருந்தார். எனக்கு அப்போது இரவு ஒன்பதரை மணி; அவருக்கு மாலை ஐந்து. "இங்கே இப்போதே இருட்டிவிட்டது, ஐயா" என்றுதான் அவர் பேசத் தொடங்கினார்.

நான்கு நாள்களாகக் காய்ச்சல் என்றார். ஐந்தாம் நாள்தான் எழுந்து கடைக்குச் சென்று ரொட்டி வாங்கி வந்ததாகக் கூறினார். "அக்கம்பக்கத்தில் யாரிடமாவது சொல்லியிருக்கலாமே, தம்பி?" என்று கேட்டேன். "அடுத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது, ஐயா" என்றார். அந்த வீட்டில் அவர் குடியேறி ஓராண்டும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன.

பேச்சை மாற்ற எண்ணி, ஆகன் பேராலயத்தைப் பற்றிக் கேட்டேன். பேரரசர் சார்லமேன் தம் அரண்மனைக்கென எழுப்பிய வழிபாட்டுக்கூடம் அதன் நடுப்பகுதியாகும். 814இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 936 முதல் 1531 வரை செருமானிய மன்னர்கள் முடிசூடிய இடமும் அதுவே. 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பன்னிரண்டனுள் அதுவும் ஒன்று. மாணவர் சற்றுத் தயங்கினார். "வெளியே நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், ஐயா. உள்ளே போகவில்லை" என்றார்.

ஆசிரியராயிருந்த பழக்கத்தால் மேலும் ஒரு கேள்வி கேட்டேன்: "நம் ஊரில் பூசலார் கோயில் எந்தப் பக்கம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்." மறுமுனையில் நீண்ட அமைதி. "பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், ஐயா" என்றார் மெல்ல. அவர் திருநின்றவூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த அமைதியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பார்ப்பவரும் வாழ்பவரும்

சுற்றுலாப் பயணி ஒரு நகரை அடைந்ததும், "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். குடியிருக்க வந்தவர், "இங்கே எப்படி வாழ்கிறார்கள்?" என்று கேட்க வேண்டியவராகிறார். முதல் வினாவிற்கு வழிகாட்டி நூலில் விடை உண்டு. இரண்டாம் வினாவிற்கான விடை தெருவிலும் மாடிப்படியிலும் அண்டைவீட்டு வாசலிலும் இருக்கிறது.

செருமானிய நகரங்களில் குடியேறுபவர் சில நாள்களுக்குள் நகர அலுவலகம் சென்று தம் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். காகிதம், கண்ணாடி, உணவுக்கழிவு ஆகியவற்றைத் தனித்தனித் தொட்டிகளில் இடவேண்டும். இரவு பத்து மணிக்குமேல் பேரொலி எழுப்புதல் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். அன்று சுவரில் ஆணி அடிப்பதும்கூட முறையன்று. இவை புதிதாக வந்தவருக்கு வெறும் கட்டுப்பாடுகளாகத் தோன்றும். சற்றே எண்ணிப் பார்த்தால், மதிலுக்குள் வீட்டோடு வீடு ஒட்டி வாழ்ந்த மக்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளக் கண்ட வழிகள் அவை என்பது புலப்படும். பேராலயத்தின் கல் எவ்வளவு வரலாறோ, அவ்வளவு வரலாறு ஞாயிற்றுக்கிழமையின் அமைதியிலும் இருக்கிறது. கல்லை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அந்த அமைதியின் பொருளை அறிவதற்கு அங்கே வாழ்ந்தாக வேண்டும்.

கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டுகள்

பழம்பெரும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் வாழ நேர்ந்த தமிழருள் நாம் நன்கறிந்தவர் கணிதமேதை இராமானுசன். அவருடைய வாழ்வைச் சூத்திரங்களின் வழியாகவே பெரிதும் பேசுகிறோம். அந்நகரில் அவர் எவ்வாறு உண்டார், எவ்வாறு உறங்கினார் என்பதும் நாம் கற்கவேண்டிய பாடமே.

1914 மார்ச் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார். கடல் கடத்தல் குலமரபுக்கு ஆகாது என்ற தடையை அவர் குடும்பம் அப்போதுதான் கடந்திருந்தது. குடுமி நீக்கப்பட்டிருந்தது, வேட்டிக்குப் பதில் மேனாட்டு உடை. ஏப்ரலில் இலண்டனை அடைந்தவரைக் கணிதப் பேராசிரியர் நெவில் எதிர்கொண்டு அழைத்துச் சென்றார். முதல் சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் நெவிலின் இல்லத்திலேயே அவர் தங்கினார். பின்னர் டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. எட்டாம் ஹென்றி மன்னர் 1546இல் நிறுவிய கல்லூரி அது. நியூட்டன் பயின்றதும் பணியாற்றியதும் அங்கேதான்.

அந்தக் கல்லூரியில் கல்வி வகுப்பறையோடு முடிவதில்லை. மாலையில் பெருங்கூடத்தில் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பது அங்குள்ள மரபு. புதியவர் பழையவராவதும், பெயர் தெரியாதவர் நண்பராவதும் அந்த உணவுமேசையில்தான். இராமானுசன் புலால் உண்ணாதவர். சமையற்கூடத்தின் தூய்மையிலும் அவருக்கு ஐயம் இருந்தது. எனவே தம் அறையிலேயே தாமே சமைத்து உண்டார். அவர் காத்தது தம் நெறியை. இழந்தது அந்த மேசையை. இவ்விரண்டையும் நாம் ஒருங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

வந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. கல்லூரியின் முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரங்களில் காயமுற்ற வீரர்களுக்குப் படுக்கைகள் இடப்பட்டன. மாணவரும் ஆசிரியரும் போர்முனைக்குச் சென்றனர். காய்கறிகள் அரிதாயின. கடல்வழி அஞ்சல் தாமதமாயிற்று. நகரைச் சுற்றிப் பார்த்துப் பழகுவதற்குரிய காலமாக அது அமையவில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள், அங்குப் பயின்றுவந்த மகாலனோபிசு அவருடைய அறைக்குச் சென்றார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்பட்டவர் இவரே. இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாகவும் இராமானுசன் கூறினார். மகாலனோபிசு படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து வந்திருக்கிறார். உலகின் தலைசிறந்த மூளைகளுள் ஒன்று, கம்பளிகள் அடியில் இருக்க, அவற்றின் மேல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் அவரிடம் சொல்லவுமில்லை.

இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாகக் கூறுவோர் உண்டு. எனக்கு இதில் நகை தோன்றுவதில்லை. புதிய ஊரில் ஒருவர் துன்புறுவது பெரும்பாலும் பெரிய காரணங்களால் அன்று. யாராவது ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய சிறிய செய்தி கிட்டாமையால்தான்.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. நண்பர்கள் சிலரை விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்து ரசம் பரிமாறினார் இராமானுசன். மீண்டும் மீண்டும் அவர் பரிமாற முற்பட்டபோது விருந்தினர், போதும் என்றனர். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. மனம் நொந்து, சொல்லிக்கொள்ளாமல் அவர் ஆக்ஸ்போர்டு சென்றுவிட்டார் என்பது சில நாள் கழித்தே தெரியவந்தது. நம் ஊரில் 'போதும்' என்பது உபசாரச் சொல். கேட்டும் கேளாததுபோல் இன்னும் ஒரு கரண்டி இடுவோம். வேற்றூரில், தனிமையில் நொந்திருந்த மனத்திற்கு அதே சொல் மறுப்பாக ஒலித்துவிட்டது போலும்.

1917இல் அவர் நோயுற்றார். கேம்பிரிட்ஜின் தெருக்களில் நடக்கவேண்டிய காலத்தை மருத்துவமனைகளிலும் நலவாழ்வு இல்லங்களிலும் கழித்தார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுநிலை உறுப்பினருமானார். அவ்வாறு தேர்வு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 32.

அவருடைய நோய்க்குத் தனிமையே காரணம் என்று நான் கூறவில்லை. நோய் எதுவென்பதில் மருத்துவ அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அந்நகரம் அவருடைய அறிவைப் போற்றி ஏற்றது. அவருடைய அன்றாட வாழ்வுக்கு அங்கே இடம் அமையவில்லை என்பது மட்டும் உறுதி. மரபைக் காத்த மாணவரையும் நான் குறை கூறேன். போர்க்காலத்து நகரையும் குறை கூறேன். இரண்டையும் இணைக்கும் சிறு பாலங்கள் போதுமான அளவில் அமையவில்லை என்பதே என் வருத்தம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் மொழிக்கும் செருமானிய நகரங்களுக்கும் உள்ள உறவு முந்நூறு ஆண்டுப் பழைமையுடையது. தரங்கம்பாடியில் அச்சுப்பணி புரிந்த சீகன்பால்குவுக்கெனத் தமிழ் எழுத்துருக்கள் செருமனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டன. அவர் இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் அந்நகரிலேயே அச்சாயிற்று. அங்குள்ள பிராங்கே நிறுவன ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

லா சப்பல் தெருக்கள்

கேம்பிரிட்ஜில் தனி ஒருவருக்கு அமையாத பாலத்தைப் பாரிசு நகரில் ஒரு மக்கள்கூட்டம் அமைத்துக்கொண்டது. பாரிசின் வடபகுதியில் உள்ளது லா சப்பல். 1860 வரை தனிச் சிற்றூராக இருந்து பின்னர் மாநகரோடு இணைக்கப்பட்ட பகுதி அது. பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகள் உள்ள புனித தெனி ஆலயத்தை நோக்கிச் செல்லும் பழஞ்சாலை அதன் அருகே செல்கிறது.

புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்த தமிழர் பலர் பிரான்சில் குடியேறினர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் ஈழத்தமிழர் ஏதிலியராக வந்துசேர்ந்தனர். மொழி தெரியாது, கையில் பொருள் கிடையாது, பலருக்கு ஆவணங்களும் இல்லை. உணவகங்களின் சமையற்கூடங்களில் பாத்திரம் கழுவியே பலர் வாழ்வைத் தொடங்கினர். பின்னர் வடக்குத் தொடர்வண்டி நிலையத்திற்கும் லா சப்பலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் மளிகைக்கடைகளும் துணிக்கடைகளும் உணவகங்களும் ஒவ்வொன்றாகத் தோன்றின. இன்று அத்தெருக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கலாம்.

1985இல் அங்கு மாணிக்க விநாயகர் ஆலயம் தொடங்கப்பட்டது. கோடையின் இறுதியில் ஆண்டுதோறும் தேர்த் திருவிழா நடைபெறுகிறது. நகர நிருவாகத்தின் இசைவோடு போக்குவரத்து நிறுத்தப்பட, பாரிசின் தெருக்களில் தேர் வலம் வருகிறது. சாலையோரத்தில் குவித்துவைத்த தேங்காய்கள் உடைக்கப்படுகின்றன. மாடங்களிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பார்க்கின்றனர். பலர் இறங்கி வந்து கூட்டத்தில் கலக்கின்றனர்.

இதனை, 'நம் பண்பாட்டை அங்கே நிலைநாட்டிவிட்டோம்' என்று பெருமைப்படுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். தேர் தெருவில் ஓடுவதற்குமுன் ஒருவர் அலுவலகம் சென்று, பிரெஞ்சு மொழியில் விண்ணப்பம் எழுதி, எந்தத் தெரு, எந்த நேரம் என்று பேசி, இசைவு பெற்றிருக்க வேண்டும். நகரின் மொழியையும் முறையையும் கற்றதால்தான் நகரம் தன் தெருவைத் திறந்தது. தன்னை இழந்தவருக்கும் அத்தெரு கிடைத்திராது. தன்னைமட்டுமே அறிந்தவருக்கும் கிடைத்திராது.

ஆயினும் ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். தமிழ்க்கடை, தமிழ் நண்பர், தமிழ்த் தொலைக்காட்சி என்னும் வட்டத்திற்குள்ளேயே ஆண்டுகளைக் கழித்துவிடவும் இத்தகைய தெருக்களில் இயலும். நம்மவர் தெரு புதியவருக்குத் திண்ணையாக இருக்கட்டும்; களைப்பாறி எழுந்து நகருக்குள் நடப்பதற்குத் திண்ணை உதவும். அதுவே மதிலாகிவிடலாகாது.

'படிக்கத்தானே போனோம்?'

"நாங்கள் படிக்கவும் உழைக்கவும் சென்றோம். கடன் தலைக்குமேல் இருக்கிறது. பகலில் வகுப்பு, மாலையில் பகுதிநேர வேலை. ஊரை அறிந்துகொள்ள ஏது நேரம்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். கல்விக்கடனின் சுமையை அறியாதவன் அல்லன் நான். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு வந்த பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். புதியவரை முகம் சுளித்துப் பார்ப்போரும் எந்த நகரிலும் இருக்கவே செய்வர்.

எனினும், ஊரை அறிதல் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. காய்ச்சல் வந்தால் கதவைத் தட்ட ஒரு வீடு, வழி தவறினால் கேட்க ஒரு மொழி, மனம் சோர்ந்தால் போய் அமர ஓர் ஆற்றங்கரை ஆகியவை உயிர்வாழ்வதற்குத் தேவையானவை. அவை இல்லாமல் பெற்ற பட்டமும் ஊதியமும் எத்தனை விலை கொடுத்துப் பெற்றவை என்பதைத் தொலைபேசியில் கேட்ட குரல் எனக்கு உணர்த்தியது.

இக்கடமை வந்தவருக்கு மட்டும் உரியதன்று, இருப்பவருக்கும் உண்டு. நெவில் தம் வீட்டைத் திறந்தார். மகாலனோபிசு கம்பளியை விரித்துக் காட்டினார். நாம் என்ன செய்கிறோம்? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர் மாவட்டத்தின் பிற ஆலைகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் உழைக்கின்றனர். வரிசை வரிசையாகக் கட்டிய சிற்றறைகளில் பலர் சேர்ந்து தங்கியிருக்கின்றனர். அவர்களுக்கு நம் ஊரே அயல்நாடு. தமிழே புரியாத மொழி. 'வடக்கத்தியர்' என்னும் ஒரே பெயரால் அவர்கள் அனைவரையும் சுட்டுகிறோம். அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் அறியாத நாம், ஆகன் நகரத்தார் நம் பிள்ளையின் பெயரை அறியவில்லை என்று எப்படி வருந்துவது?

முதற்பாடம் நம் தெருவில்

வேற்று நகரில் வாழும் கலையை விமானம் ஏறியபின் கற்க இயலாது. சொந்த ஊரிலேயே அதைக் கற்றிருக்க வேண்டும். திருநின்றவூர் நம்மில் பலருக்குத் தொடர்வண்டி ஏறும் இடமாகவும் இரவில் உறங்கும் இடமாகவும் சுருங்கிவிட்டது. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற பக்தவத்சலப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது; தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்னும் இனிய பெயர். திருமகள் வந்து நின்ற ஊர் என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஊரின் ஏரிக்கும் அதன் கரைக்கும் கதைகள் உண்டு. இவற்றை அறியாமலேயே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடுகின்றனர். தம் ஊரில் வாடகைக்கு இருப்பவர்போல் வாழ்ந்தவர், எந்த நகருக்குச் சென்றாலும் வாடகைக்கு இருப்பவராகவே வாழ்வார்.

ஆகவே, பள்ளிதோறும் ஆண்டுக்கு ஒருநாளேனும் மாணவர்கள் தம் ஊரை நடந்து காணவேண்டும். கோயிலையும் ஏரியையும் மட்டுமன்றி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, புதிதாகக் குடிவந்தவர் யார் என்பவற்றையும் கேட்டறியவேண்டும். இப்பழக்கம் உடையவருக்கு ஆகனும் அயலூரன்று, பாரிசும் புதிரன்று.

அந்த மாணவர் மறுவாரம் மீண்டும் அழைத்தார். துணிவை வரவழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தவர் வயது முதிர்ந்த அம்மையார். நலம் கேட்பார் என்று எதிர்பார்த்தால், அவர் முதலில் சொன்னது ஒரு குறை: "ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் துணி துவைக்கும் இயந்திரம் பெரிதாக ஒலிக்கிறது. ஓராண்டாகச் சொல்ல எண்ணியிருந்தேன்." மாணவர் வருத்தம் தெரிவித்தார், தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். அதன்பின் அம்மையார் அவருடைய பெயரைக் கேட்டு, இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். "இப்போது சனிக்கிழமையில் துவைக்கிறேன், ஐயா" என்று சொல்லி மாணவர் சிரித்தார். அந்த நகரில் அவர் வாழத் தொடங்கிய நாள் அதுவே என்று எனக்குத் தோன்றியது.

சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் பூசலார் வரலாற்றை எண்ணிப் பார்க்கிறேன். கல்லால் கோயில் எழுப்பப் பொருளில்லாத அவர், தம் உள்ளத்திலேயே அடித்தளமிட்டு, மதில் எழுப்பி, குளமும் தொட்டுக் குடமுழுக்கு நாளையும் குறித்தார். இறைவன் கனவில் உணர்த்தியபடி, அக்கோயிலைக் காணப் பல்லவ மன்னன் திருநின்றவூருக்கு வந்தான். "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டான். ஊரார் எவருக்கும் தெரியவில்லை. பக்கத்திலேயே வாழ்ந்தவர் உள்ளத்தில் எழுந்து நின்ற கோயிலை, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து கேட்டபிறகே அவர்கள் அறிந்தனர்.

அடுத்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன எழுந்து நிற்கிறதோ, யார் அறிவார்? ஆகனிலும் சரி, திருநின்றவூரிலும் சரி, தட்டிப் பார்ப்பவருக்கே அது தெரியவரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் அண்மையில் குடியேறிய வேற்று மாநிலத்தவர் ஒருவருடன் உரையாடி, நம் ஊரில் அவர் எதிர்கொண்ட முதல் இடர்ப்பாட்டை ஒரு பத்தியில் எழுதுக.

2. 'நம்மவர் தெரு திண்ணையாக இருக்கலாம். மதிலாகிவிடலாகாது' என்னும் கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பறையில் உரையாற்றுக.

3. உங்கள் ஊரின் பெயர்க்காரணத்தை முதியோர் இருவரிடம் கேட்டறிந்து, அவர்கள் கூறுவனவற்றை ஒப்பிட்டு எழுதுக.